ஷூவுக்குள் இருந்த காகிதம்

அண்ணாச்சி,

இன்று காலை நடக்கக் கிளம்பியபோது வலது கால் ஷூ லொடலொடவென்று ஆடியது. நீங்கள் முனையில் திணித்துக் கொடுத்த காகிதம் நைந்திருக்கும் என்று உருவினேன். பாலிஷ் வாசனையோடு சுருண்டு வந்தது. பிரித்தேன். ‘பரோட்டா மாஸ்டர் தேவை. தங்க இடம், சாப்பாடு உண்டு.’ முழுதாக வாசித்துவிட்டேன். இரண்டு வருஷமாக என் கட்டைவிரல் அதை மிதித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். மருமகள் பயந்துபோய் எட்டிப் பார்த்தாள். காகிதத்தை நீட்டினேன், அவளும் சிரித்தாள். உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மெதுவாகத்தான் எழுத வருகிறது. ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது.

கம்பெனித் தோட்டத்தில் பதினாறு வருஷம் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, ஓய்வுபெற்றபின் ஒரு வருஷம் டிவி முன்னால் உட்கார்ந்தே இருந்தேன். பேத்தியின் பெயர் வாய்க்கு வராமல் நின்றது. ஒரு காலை பழைய காக்கிச் சட்டையை மாட்டி, டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு ஷிப்ட் பஸ்ஸில் ஏறிவிட்டேன். உள்ளே எல்லோரும் தூக்கத்தில் இருந்தார்கள், யாரும் கேட்கவில்லை. கேட்டில் செக்யூரிட்டியாக நின்ற நீங்கள் கார்டு கேட்டீர்கள். சட்டைப்பையைத் தடவியபோதுதான் எனக்கு வேலையே இல்லை என்பது ஞாபகம் வந்தது. டப்பாவைத் திறந்து பார்த்தேன். காலி.

நீங்கள் யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை. “செத்த இரும்வே, டூட்டிய மாத்திவிட்டுட்டு வாரேன். ரெண்டு பேருமா நடப்போம்” என்றீர்கள். எங்கள் ஊர் வல்லம் வடகால் வரை நடந்தோம். வழியெல்லாம் உங்கள் குறையைத்தான் சொல்லிக்கொண்டு வந்தீர்கள்: நாற்காலியிலேயே கிடந்து உங்களுக்கும் லாரி நம்பர் மறக்கிறதாம்.

அன்று மதியமே என் மகன் வாசல் கேட்டுக்குப் பூட்டு வாங்கி வந்தான். “நைனா, இனிமே வெளிய போவாதே. காணாம போய்ட்டின்னா உன்னை எங்கன்னு தேடறது?” என்றான். கோபமில்லை, பயம். எனக்கும் அதே பயம்தான். ஆனால் பூட்டுக்குள்ளேயே முடிந்துவிடுவேனோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

நீங்கள்தான் அவனிடம் பேசி என்னை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனீர்கள். டாக்டரம்மா ரத்தம், பிரஷர் எல்லாம் பார்த்தார். மறதி முழுக்கப் போய்விடும் என்று அவர் சொல்லவில்லை. உட்கார்ந்தே இருந்தால் மூளையும் சோம்பிவிடும், தினமும் வேகமாக நடந்தால் அதற்கு ரத்தம் நன்றாகப் போகும், தூக்கமும் வரும் என்றார். கூடவே புதிதாக ஏதாவது கற்றுக்கொள்ளச் சொன்னார். எவ்வளவு வேகம் என்று கேட்டேன். “பேச வரணும் தாத்தா, பாட்டு வரக்கூடாது. அதான் அளவு.”

மகன் ஒரு சாவியை உங்களிடம் கொடுத்தான். மறுநாள் ரப்பர் செருப்போடு வந்த என்னைப் பார்த்துவிட்டு, அதற்கடுத்த நாள் உங்கள் பழைய டூட்டி ஷூவைப் பாலிஷ் போட்டுக் கொண்டுவந்தீர்கள். ஒரு சைஸ் பெரிது. நடக்கும்போது நான் சுணங்கினால் நீங்கள் பாட ஆரம்பிப்பீர்கள். அந்தக் குரலிடமிருந்து தப்பிக்கவே நான் வேகமாக நடந்தேன். அதை டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

பள்ளிக்கூடம் போகாத எனக்குப் புதிதாகக் கற்க எழுத்துதான் இருந்தது. முதியோர் வகுப்பில் உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடும். நடக்கும்போது அப்படியில்லை. ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஒரே எழுத்து என்று வைத்தீர்கள். காற்றில் விரலால் எழுதிக்கொண்டே போவோம். கம்பெனி பஸ்ஸில் போகிற பிள்ளைகள் நாம் யாருக்கோ டாட்டா காட்டுகிறோம் என்று நினைத்துப் பதிலுக்குக் கை காட்டும். நேற்றுப் படித்த எழுத்தை இன்று கேட்பீர்கள். முதல் மாதம் பாதி பறந்துபோகும். அடுத்தடுத்த மாதங்களில் தங்க ஆரம்பித்தது. பேத்தியின் பெயரை வாயால் கூப்பிட்ட அன்றே பேருந்து நிறுத்தத்துப் பலகையில் ‘ஒரகடம்’ என்று வாசித்தேன். எது பெரிய சந்தோஷம் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

பிறகு மகன் ஒரு பந்தயம் வைத்தான். தனியாகச் சுங்குவார்சத்திரம் போய், மருமகள் சொல்லும் மூன்று சாமானைச் சீட்டில் எழுதிக்கொள்ளாமல் வாங்கி வந்தால் பூட்டே வேண்டாம் என்றான். நீங்கள் கூட வரக்கூடாது. பஸ் பலகையை வாசித்து ஏறினேன். கடுகு, பெருங்காயம், துணி சோப்பு. மூன்றும் வாங்கினேன். சாயங்காலம் வந்து, “எங்கவே போயிட்டு வாரீரு?” என்று ஒன்றும் தெரியாதவர்போலக் கேட்டீர்கள்.

அண்ணாச்சி, இதுவரை சொல்லாததைச் சொல்கிறேன். அன்று அங்கே டீக்கடை ஓரத்தில் துண்டால் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தது நீங்கள்தான். முகம் தெரியவில்லை. அந்த ஊரில் அப்படிப் பளபளக்கும் ஷூ வேறு யாருக்கு? பார்த்துவிட்டேன். தைரியம் வந்தது. பார்க்காததுபோல் நடந்தேன்.

தை மாதம் ஊருக்குப் போன நீங்கள் திரும்பவில்லை. நீங்கள் தவறிவிட்டதை உங்கள் மகள்தான் போனில் சொன்னாள். மறுநாள் காலையும் நடந்தேன். இடது பக்கம் வெறுமையாக இருந்தது. ஆனால் வழி மறக்கவில்லை.

இப்போதும் சில நாள் சில்லறையை மறந்து கடையில் விட்டுவிட்டு வருகிறேன். பூட்டு மருமகளின் சைக்கிளுக்குப் போய்விட்டது. பரோட்டா மாஸ்டர் காகிதத்தைச் சாமி மாடத்தில் வைத்திருக்கிறேன், யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

இந்தக் கடிதத்தை எந்த விலாசத்துக்கு அனுப்புவது? வலது ஷூ முனை காலியாகத்தானே இருக்கிறது. நாலாக மடித்து அங்கே வைக்கிறேன். நாளை முதல் அதன்மேல் கால் வைத்துத்தான் நடப்பேன். சுணங்கினால் விரட்ட நீங்கள் இல்லை. அதனால் உங்கள் பாட்டை நானே பாட முயல்வேன். மூச்சு வாங்கிப் பாட்டு வராமல் போனால், சரியான வேகத்தில் போகிறேன் என்று தெரிந்துகொள்வேன்.