திரையில் நான்கு டிகிரி

மருந்துக் கிடங்கு,
செவ்வாய், காலை பதினொன்றரை.

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம் விசாரிப்பெல்லாம் பிறகு. அடுத்த பத்தியை மட்டும் நின்ற இடத்திலேயே படித்துவிடு.

இந்தக் கடிதத்தோடு வரும் நீலப் பெட்டியில் நம் பிள்ளை வாலுவுக்குப் புது இன்சுலின் இருக்கிறது. வீட்டில் இருக்கும் பழைய குப்பிகளை இனித் தொடாதே, ஒன்றைக்கூட. புது மருந்தில் நீ இப்போது போடும் இருபது யூனிட்டைப் போட்டுவிடாதே. இரண்டு மாதத்துக்கு முன்பு போட்ட அளவு, பன்னிரண்டுதான். அதையும் நர்ஸம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சர்க்கரை பார்த்துவிட்டு, அவர் சொன்ன பிறகு போடு. இருபது போட்டால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கிப் பிள்ளை மயங்கிவிடும். வாந்தி நிற்கவில்லை என்றாலோ, மூச்சு வாங்கினாலோ எதற்கும் காத்திருக்காதே. பெட்டி வந்த படகிலேயே அவளை ஏற்றிக்கொண்டு வந்துவிடு. இக்கரையில் ஆம்புலன்ஸ் நிற்கும். சொல்லிவைத்திருக்கிறேன்.

படித்தாயா? இன்னொரு தடவை படி.

ஆற்றுப் பாலம் இடிந்துபோனதிலிருந்து உங்கள் பக்கத்து டவர் ஒன்றும் உயிரோடில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ கடைசியாகப் பேசியபோது வாலுவுக்குச் சர்க்கரை முந்நூற்று எண்பது, ஒரு தடவை வாந்தி என்றாய். அழுதாய். லைன் போய்விட்டது. அதன்பிறகு எத்தனை தடவை போட்டுப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அந்தப் பெண்மணி "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கும் என்மேல் எரிச்சல் வந்திருக்கும்.

மூன்று மணிக்குப் படகு. எங்கள் லாரி டிரைவரை உனக்குத் தெரியும், கிடங்கு வாசலில் நிற்கிற பூனைக்குக்கூட ஹாரன் அடிக்கிறவர், அதனால் பெயரே ஹாரன். அவர் கரை வரை கொண்டுபோய், தானே படகில் ஏறி உன் கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் உனக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். சொல்லாமல் பெட்டியை மட்டும் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு எங்களுக்குப் புது ஏற்பாடு வந்தது, ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு குளிர் பெட்டிக்குள்ளும் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சென்சார். பெட்டி எங்கே போகிறது, உள்ளே எத்தனை டிகிரி என்று எல்லாம் சுவரில் இருக்கும் பெரிய திரையில் தெரியும். இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருந்தால் பச்சைப் புள்ளி. தாண்டினால் சிவப்பு. சிவப்பானால் தலைமை அலுவலகத்தில் மணி அடிக்கும், உடனே எங்களிடம் விளக்கக் கடிதம் கேட்பார்கள். பெட்டியை ஏற்றும்போது மூடி ஐந்து நிமிஷம் திறந்திருந்தால்கூடச் சிவப்பு. ஒரே மாதத்தில் பதினான்கு விளக்கக் கடிதம் எழுதினேன். வெறுத்துப் போயிற்று.

அப்போதுதான் நான் அந்த யோசனையைச் சொன்னேன். சென்சாரை மருந்துக்கு நடுவில் வைக்காமல், அடியில் இரண்டு ஐஸ் பைகளுக்கு இடையில், அட்டைத் துண்டு வைத்து ரப்பர் பேண்ட் போட்டுவிடுங்கள் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து எங்கள் திரையில் சிவப்பே இல்லை. எப்போது பார்த்தாலும் நான்கு டிகிரி. போன வருஷம் சிறந்த கிடங்கு என்று கேடயம்கூடக் கொடுத்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற படத்தைத்தான் நீ உன் போனில் வைத்திருக்கிறாய். எடுத்துவிடு.

இன்று காலை சரக்கு ஏற்றும் கூடத்தில் மட்டும் மின்சாரம் போனதால் பெட்டிகள் வெளியே கொட்டகையில் நின்றன. திரையில் நான்கு டிகிரி. எனக்கு என்னவோ போலிருந்து, வாலுவுக்குப் போக வேண்டிய பெட்டியைத் திறந்து மேலடுக்கில் கை வைத்துப் பார்த்தேன். குப்பிகள் வெதுவெதுப்பாக இருந்தன. அடியில் ஐஸ் பை பாதி உருகாமல் இருந்தது, நம் சென்சார் சுகமாக அதன் மடியில் படுத்திருந்தது.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. இரண்டு மாதமாக எந்த லாரி எப்போது கிளம்ப வேண்டும் என்பதையும் அந்தத் திரையை ஓட்டும் கம்ப்யூட்டர்தான் முடிவு செய்கிறது. அரை லாரி சரக்கோடு ஓட்டினால் டீசல் வீண், புகையும் வீண், ஆகவே நிறையும்வரை நில் என்கிறது. மற்றக் கிடங்குப் பெட்டிகளை அப்படி நிற்க விடுவதில்லை. எங்கள் பெட்டிகள் மட்டும் எவ்வளவு நேரம் வெயிலில் நின்றாலும் நான்கு டிகிரியிலேயே இருக்கின்றனவே, அதனால் எங்களுடையதை நிறுத்தி வைக்கிறது. சுற்றுப் பாதையிலும் அனுப்புகிறது. நாங்கள் சொன்ன பொய்யை அது அப்படியே நம்பிவிட்டது, பாவம். சூடுபட்ட இன்சுலின் பார்வைக்குத் தெளிவாகத்தான் இருக்கும். உள்ளே வீரியம் இருக்காது.

இரண்டு மாதம் என்றேன், கவனித்தாயா? நீ கவனித்திருப்பாய், வாலுவின் பன்னிரண்டு யூனிட் இருபதானதும் அந்த இரண்டு மாதத்தில்தான்.

மணி இரண்டு.

எழுதிக்கொண்டிருக்கும்போதே மேலாளர் கூப்பிட்டார். இரண்டு மாதப் பெட்டிகளையும் திரும்பப் பெற வேண்டும் என்று நான் கம்ப்யூட்டரில் போடப் போவது அவர் காதுக்கு எட்டிவிட்டது. சத்தம் போடவில்லை. உட்காரச் சொன்னார்.

"சென்சார் பழுதுன்னு போட்டுடும்மா. யாருக்கும் தொந்தரவு இல்ல. நீயா எதுக்கு இழுத்து விட்டுக்கறே?"

கம்ப்யூட்டர் காட்டும் காரணப் பட்டியலில் 'சென்சார் பழுது' என்று ஒரு காரணம் இருக்கிறதுதான். அதைத் தொட்டால் இன்றைய பெட்டியோடு விஷயம் முடிந்துவிடும். பழைய குப்பிகள் அந்தந்த வீட்டிலேயே இருக்கும், ஒவ்வொரு வேளையும் யாராவது போட்டுக்கொண்டே இருப்பார்கள். சென்சாருக்கு ஒரு பழுதும் இல்லை சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். 'வேறு காரணம்' என்ற இடத்தில் நடந்ததை நடந்தபடி எழுதி, கீழே என் பெயரைப் போட்டு அனுப்பினேன்.

அந்தக் கம்ப்யூட்டரைக் குறை சொல்லி என்ன பயன்? உண்மையைச் சொன்னதும் ஒரே நிமிஷத்தில் எந்தக் குப்பி எந்தச் சுகாதார நிலையத்துக்குப் போயிற்று, அங்கிருந்து எந்த வீட்டுக்கு என்று நூற்று நாற்பது வீட்டைக் காட்டியது. எட்டு ஊருக்குப் போன் போட்டாயிற்று. உங்கள் கரையில் மூன்று ஊருக்கு லைன் இல்லை. அந்த மூன்றுக்கும் கடிதம் எழுதி ஹாரனிடம் கொடுத்திருக்கிறேன். உங்கள் நர்ஸம்மாவுக்கும் ஒன்று இருக்கிறது. நாளைக்கு எனக்கு இங்கே வேலை இருக்குமா என்று தெரியவில்லை. இப்போது அதை யோசிக்க நேரமில்லை.

இந்தப் பெட்டியை நானே கட்டினேன். உள் குளிரறையிலிருந்து எடுத்த புது மருந்து, சென்சார் குப்பிகளுக்கு நடுவில். ஹாரன் மடியில் வைத்துக்கொண்டே வருவதாகச் சொன்னார். வழியில் திரை சிவப்பானால் ஆகட்டும். அப்படி ஆகியிருந்தால் பெட்டியின் மூடியில் சின்ன விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் இந்த மருந்தையும் போடாதே, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடு.

ஹாரன் வெளியே அடிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு இன்னும் எழுத வேண்டியது பாக்கி இருக்கிறது.

சர்க்கரை இறங்கவில்லை என்றதும் நீ அவளைத்தான் சந்தேகப்பட்டாய். ஒளித்து ஒளித்து இனிப்புத் தின்கிறாள் என்று பிஸ்கட் டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினாய். ஸ்கூல் பையைக் கொட்டிப் பார்த்தாய். போன மாதம் கை நீட்டிவிட்டதாகவும் சொன்னாய். நான் என்ன செய்தேன்? உன்னைத் தடுத்தேனா? போனை அவளிடம் கொடுக்கச் சொல்லி, உண்மையைச் சொல்லு, பொய் சொன்னா எனக்குப் பிடிக்காது என்று மிரட்டினேன். பொய்யைப் பற்றி நான்!

"சத்தியமா நான் எதுவும் சாப்பிடலை பெரியம்மா. நீங்களாவது நம்புங்க."

நம்பவில்லை. பத்து வயசுப் பிள்ளை. அந்தக் குரல் காலையிலிருந்து என் காதிலேயே இருக்கிறது.

நீ என்னோடு பேசாவிட்டாலும் சரி, வாசற்படி ஏற விடாவிட்டாலும் சரி. எனக்காக ஒன்றே ஒன்று செய். அலமாரியைத் திற. ஊசி போட்ட பிறகு சர்க்கரை சட்டென்று இறங்கினால் இனிப்புத்தான் மருந்து, நர்ஸம்மாவைக் கேள், அவரும் அதைத்தான் சொல்வார். சர்க்கரைக் கரைசல் ஒரு டம்ளர் தயாராக இருக்கட்டும். பிஸ்கட் டப்பாவை அவள் தலைமாட்டில் வை. சாவியையும் அவள் கையிலேயே கொடுத்துவிடு.

பிள்ளை நன்றாக இருக்கட்டும். நீயும் திடமாக இரு. இதைப் படித்து முடித்ததும், ஊசியை எடுப்பதற்கு முன்னால், அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சொன்னது உண்மைதான் என்று சொல்லு. பெரியம்மா எழுதியிருக்கிறாள் என்று சொல்லு.

உன் அக்கா