இரண்டாவது கீப்பர்

மார்ச் 4, செவ்வாய்

விழித்தபோது எந்த ஊர் என்று தெரியவில்லை. திரைச்சீலைக்குப் பின்னால் வெளிச்சம் பால் மாதிரி தேங்கியிருந்தது. பக்கத்துக் கட்டிலில் யாரோ ஒருக்களித்துப் படுத்திருந்தார். கொஞ்ச நேரம் தங்கை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. நாட்டுக்காக ஆடும் அணியோடு விமானம் ஏறி வந்திருக்கிறேன். பக்கத்தில் தூங்குவது பூட்டு அக்கா.

நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அணியின் விக்கெட் கீப்பர் அவர்தான். ஸ்டம்புக்குப் பின்னால் ஒரு பந்தையும் விடமாட்டார், அதனால் பூட்டு. அவர் படத்தை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தேன். இப்போது அவருடைய குறட்டை கேட்கிறது.

நான் இரண்டாவது கீப்பர். அவருக்கு ஏதாவது ஆனால்தான் எனக்கு வேலை.

மார்ச் 6, வியாழன்

எனக்கும் பெயர் வைத்துவிட்டார்கள். தூங்குமூஞ்சி. பந்து வரும்போது என் கண் பாதி மூடியிருக்கிறதாம். மூடவில்லை. பந்து காற்றில் வருகையில் எல்லாச் சத்தமும் நின்றுபோகிறது, தண்ணீருக்கடியில் இருப்பதைப் போல. தையல் மெதுவாகச் சுழல்வது தெரிகிறது. இதைச் சொன்னால் இன்னும் சிரிப்பார்கள்.

அப்பா போன் செய்தார். லிஃப்ட் மெக்கானிக். நான் ஆடுகிற நாளில் வேலை இருக்கோ இல்லையோ லிஃப்ட் குழிக்குள் இறங்கிவிடுவார். அங்கே சிக்னல் கிடைக்காது, ஸ்கோர் பார்க்க வேண்டாம்.

"இந்தத் தடவை நான் ஆடப் போறதில்லப்பா. மேலயே இருங்க."

"எதுக்கு வம்பு" என்றார்.

மார்ச் 9, ஞாயிறு

பூட்டு அக்காவின் வலது கையில் என்னவோ இருக்கிறது. பயிற்சியில் நான்தான் அவருக்குப் பந்து எறிகிறேன். ஒரு பந்தில் சத்தம் சரியில்லை. முகம் மாறவில்லை, மூச்சு மட்டும் ஒரு கணம் நின்றது. அறைக்கு வந்து தண்ணீர் பாட்டிலை இடக்கையால் திறந்தார்.

மார்ச் 10, திங்கள்

குளியலறைக் கதவு திறந்திருந்தது. வாஷ்பேசினில் ஐஸ், அதற்குள் அவர் கை. மோதிர விரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிக் கிடந்தது.

"கதவைச் சாத்து."

"பிசியோகிட்ட காட்டலியாக்கா?"

"வெறும் வீக்கம். வடிஞ்சிரும். நீ எதையும் பாக்கலை, சரியா?"

சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "யாராவது கேட்டா பொய் சொல்ல மாட்டேன்க்கா. கேக்காம நானா போய்ச் சொல்லவும் மாட்டேன்" என்று வந்தது.

அவர் என்னைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். "என் இடம் வேணுமா உனக்கு?"

"வேணும்."

ஐயோ. எதுக்குடி அப்படிச் சொன்ன? வேண்டாம்னு சொல்லியிருந்தா செத்தா போயிருப்ப? — ஆனா வேண்டாம்னு சொன்னா அதுதானே பொய்?

மார்ச் 11, செவ்வாய்

பேசவில்லை.

மார்ச் 12, புதன்

இன்றும் பேசவில்லை. கை நீட்டினால் தொடும் தூரத்தில் இரண்டு கட்டில், நடுவில் ஒரு விளக்கு.

மத்தியானம் தூங்கிப்போனேன். கனவில் எல்லைக்கோடே இல்லாத மைதானம். உயரமாக ஒரு பந்து போகிறது. அதன் கீழே ஓடுகிறேன். புல் முழங்கால் வரை வருகிறது, அப்புறம் இடுப்பு வரை, அப்புறம் பச்சைத் தண்ணீராகி என்னைத் தூக்குகிறது. பந்து பகல் நிலா மாதிரி அங்கேயே நிற்கிறது, இறங்கவே மாட்டேன் என்கிறது. எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் அண்ணாந்தபடி மிதக்கிறேன். பயமாகவே இல்லை.

விழித்தபோது என்மேல் போர்வை கிடந்தது. நான் போர்த்திக்கொண்டு படுக்கவில்லை. ஏசி குளிரில் அவர் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 13, வியாழன்

என் முழங்காலுக்குப் பட்டை சுற்றிக்கொண்டே பிசியோ கேட்டார். "உன் ரூம்மேட் கையை ஏன் பாக்கெட்டுலயே வெச்சிருக்கா? எதாவது தெரியுமா உனக்கு?"

"அவங்களையே கேளுங்க மேடம்."

கேட்டிருக்கிறார். அக்கா முஷ்டியை மடக்கிக் காட்டியிருக்கிறார், சிரித்துக்கொண்டே. அது எவ்வளவு வலித்திருக்கும்?

அறைக்கு வந்ததும், "சொல்லிட்டியா?" என்றார்.

"உங்களையே கேக்கச் சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்தார்.

மார்ச் 15, சனி

முதல் ஒருநாள் ஆட்டம். எங்கள் சுழல் பந்துவீச்சாளர் ஒல்லி வீசிக்கொண்டிருந்தாள். பந்து மட்டையின் விளிம்பில் பட்டு நேராகப் பூட்டு அக்காவிடம் போனது. கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கிற கேட்ச். கையிலிருந்து நழுவி விழுந்தது. அவர் கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டார்.

பிறகு இடக்கையை எங்கள் பக்கம் தூக்கினார். நான் தண்ணீர் பாட்டில்களை எடுத்துக்கொண்டு ஓடப் பார்த்தேன். பிசியோ என் தோளைப் பிடித்தார். "தண்ணி இல்லடி. உன்னைத்தான் கூப்பிடறா."

உள்ளே போகும்போது அவர் வெளியே வந்துகொண்டிருந்தார். என்னைக் கடக்கையில், "பந்து தாழ்வா நிக்குது. சீக்கிரம் எழுந்திராதே" என்றார். இத்தனை நாளில் பேசிய நல்ல வார்த்தை அதுதான்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் தண்ணீருக்கடியில். ஒல்லியின் பந்து மெல்லத் தொங்கி இறங்கியது. ஆடியவள் கோட்டைத் தாண்டி வெளியே வந்தாள், பந்து அவளைத் தாண்டி என்னிடம் வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. ஸ்டம்பு மேலிருந்த பெய்ல்ஸ் இரண்டும் பூச்சி பறப்பதுபோல் எழுந்ததைப் பார்த்தேன். பின்னால்தான் சத்தம் கேட்டது.

தோற்றுவிட்டோம். ஒருவர் அடிபட்டதால் நடுவில் உள்ளே போனவள் நான், அதனால் இது என் கணக்கில் சேராது. ஸ்கோரில் என் பெயர் இல்லை. ஸ்டம்பிங் செய்தது 'சப்' என்று மட்டும் இருக்கிறது. தங்கையிடமிருந்து செய்தி: "சப் அவர்களுக்கு வாழ்த்துகள். நிஜப் பேர் என்னங்க?"

மார்ச் 16, ஞாயிறு

எலும்பு உடைந்திருக்கிறது. ஊருக்குப் போய் ஆபரேஷன். அவர் பெட்டியை நான்தான் மூடினேன், ஒரு கையால் ஜிப் இழுக்க முடியவில்லை.

"இத்தனை நாள் உடஞ்சதோடயா நின்னீங்க? வலிக்கலியா?"

"உள்ள நிக்கறப்ப அவ்வளவா வலிக்காது. வெளிய உக்காந்தாதான்."

கதவருகே நின்று, "அன்னிக்கு வேணும்னு சொன்னியே, பளார்னு ஒண்ணு விடலாம்னு இருந்துச்சு" என்றார். லேசாகச் சிரித்தார். "எனக்கு முன்னாடி கீப்பரா இருந்தவங்க இதையே என்னைக் கேட்டப்ப, ஐயோ அதெல்லாம் இல்லக்கான்னு சொல்லிட்டேன்."

காலிக் கட்டிலைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வேண்டியது கிடைத்தால் இப்படியா இருக்கும்?

மார்ச் 19, புதன்

நாட்டுக்காக முதல் ஆட்டம், தொப்பி கொடுத்தார்கள். முதல் பந்திலேயே அவுட். ஒரு கேட்ச் பிடித்தேன், ஒன்றை விட்டேன். விட்டதுதான் சுலபமானது.

அப்பா குழியிலிருந்து ஏறி வந்து கூப்பிட்டார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுப்பா."

"நல்லா ஆடினியா?"

"இல்லப்பா."

"சரி. சாப்பிட்டியா?"

அதற்குத்தான் அழுகை வந்தது.

மார்ச் 22, சனி

நாற்பத்தொன்று, அவுட் இல்லை. ஒரு பந்தும் பின்னால் போகவில்லை. புல் இன்று எவ்வளவு பச்சையாக இருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

பயிற்சி முகாமுக்குப் பூட்டு அக்கா வந்துவிட்டார். மட்டை பிடிக்கிறார், முன்பைவிட நன்றாக அடிக்கிறார். ஆனால் விரல் முழுசாக மடங்கவில்லை, நாள் முழுக்கக் கீப்பிங் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கார் நிறுத்துமிடத்தில் கோச் அவரிடம் பேசுவதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். கோச் போன பிறகும் அவர் அங்கேயே நின்றார். போய்ப் பேச வேண்டும் என்று இருந்தது. என்ன பேசுவது? போய்ப் பக்கத்தில் நின்றேன். வெயில் தார் ரோட்டில் தண்ணீர்போல் அலைந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

டெஸ்ட், முதல் நாள். கீப்பர் நான். எனக்குப் பக்கத்தில், முதல் ஸ்லிப்பில், பூட்டு அக்கா. அவரே கேட்டு வாங்கிய இடம்.

காலையிலிருந்து அவர் வாயை மூடவில்லை. ஹோட்டல் தலையணை உயரம், அம்பயரின் நடை, ஒல்லியின் புது முடிவெட்டு. எனக்குத் தூக்கம் தூக்கமாக, சுகமாக வந்தது. பந்து வரும்போது மட்டும் பேச்சு நிற்கும், போனதும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

தேநீர் இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பந்து விளிம்பில் பட்டு எங்கள் இருவருக்கும் நடுவில் வந்தது. யாருடையது என்று சொல்ல முடியாத பந்து. அவர் கை முதலில் நகர்ந்தது. ஓரக்கண்ணில் பார்த்தேன். நகர்ந்த கை நின்றது.

"உன்னுது" என்றார்.

பாய்ந்து பிடித்தேன்.

எல்லோரும் ஓடி வந்து கட்டிக்கொண்டார்கள். அடுத்த ஓவர் முழுக்க அவர் ஒன்றும் பேசவில்லை. நானும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கடுத்த ஓவரில், இரவு சாப்பாட்டுக்கு எங்கே போகலாம் என்று ஆரம்பித்தார்.