பனிக்கு ஈடாக நாலு நாள்

சேலையூர்
19 ஆகஸ்ட், செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் அபிகாயிலுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இந்தக் காலையும் எழுந்து நடமாடுகிறேன். நீயும் மாப்பிள்ளை தேவானந்தமும் ஷெர்வினும் ஸஹானாவும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று பெயர் பெயராகச் சொல்லி ஜெபித்துவிட்டுத்தான் இந்தத் தாளை எடுத்தேன். தம்பி ஃபிரெடியின் குட்டி கெசியாவுக்கு ஞானஸ்நானம் நடந்த அன்று யார் யார் இருந்தார்கள், ஒருவரையும் விடாமல் சொல்லு என்று கேட்டாய். கோயிலில் வழக்கமான ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், வீட்டில் சாப்பாட்டுக்கு இருந்தவர்கள் சரியாகப் பதினொரு பேர். நான், ஃபிரெடி, ஜென்சி, குட்டி, ஜென்சியின் அப்பா, அம்மா, தங்கை, உன் பெரியப்பா ஜீவரத்தினம், பாஸ்டர் ஐயா, பாஸ்டர் அம்மா, பக்கத்து வீட்டு ஹேமாவதி. தண்ணீர் நெற்றியில் பட்டபோது குட்டி அழவில்லை, பாஸ்டர் ஐயாவின் கண்ணாடியை எட்டிப் பிடித்து இழுத்துவிட்டாள். மட்டன் பிரியாணி, தாளிச்சா, பிரெட் அல்வா. பெரியப்பா அல்வாவை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுச் சர்க்கரை மாத்திரை எங்கே என்று தேடினார். நீ வர முடியாத தேதியாகப் பார்த்து வைத்துவிட்டார்களே என்று உனக்கு வருத்தம், தெரியும். நம்ம வீட்ல ஒரு விசேஷமாவது நம்ம கோயில் குடுக்கிற தேதியில நடக்கட்டும்மா என்று ஃபிரெடி சொல்லிவிட்டான், அவனைக் கோபிக்காதே. மூன்று மணிக்குப் பாஸ்டர் ஐயா ஜெபம்பண்ணிக் கிளம்பினார், ஜென்சி வீட்டாரும் கிளம்பினார்கள், ஹேமாவதி தன் மகள் ஸ்நேகாவுக்குப் பெட்டி கட்ட வேண்டுமென்று போய்விட்டாள். அதற்குப் பிறகு நடந்ததற்கு இருந்தவர்கள் நாலு பேர், குட்டியைச் சேர்த்தால் ஐந்து. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல முடியாது, நீ எப்போதும் காரில் இருப்பாய், ஸ்பீக்கரில் போட்டிருப்பாய், பின்னால் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும். ஸ்நேகா வியாழக்கிழமை உங்கள் ஊருக்குப் பறக்கிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

ஷெர்வின் அங்கே கே.ஜி.யில் சேர்ந்த நாளிலிருந்து நம் குடும்பத்தில் எல்லாமே உங்கள் ஊர்ப் பள்ளிகளை நடத்துகிற டிஸ்ட்ரிக்ட் போடும் காலண்டர்படிதான் நடக்கிறது. வருடா வருடம் ஃபிரெடி அதைக் கலரில் பிரின்ட் எடுத்துத் தருவான், நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் தினசரிக் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டுவேன். எட்டாவதோடு நின்றவள் நான், டிக்ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் படித்துக்கொண்டேன். பச்சைக் கட்டம் விடுமுறை, மஞ்சள் கட்டம் டீச்சர்களுக்கு மட்டும் வேலை, வெள்ளைக் கட்டம் பள்ளிக்கூடம், நட்சத்திரம் போட்டிருந்தால் பனியாலோ புயலாலோ பள்ளியை மூடியதற்கு ஈடாக நடத்தும் நாள். ஃபிரெடி கல்யாணத்தை டிசம்பர் பச்சையில் வைத்தோம். மார்ச் மாதப் பச்சை எப்போதும் லெந்து உபவாச நாட்களில் வந்து விழும், அதில் ஒரு நல்ல காரியம் பார்க்க முடியாது. அக்டோபரில் பிறந்த உன் அப்பாவுக்கு அறுபதாவது பிறந்த நாளை அடுத்த ஜூனில் கொண்டாடினோம். நான் எப்ப பொறந்தேன்னு எங்கம்மாவுக்குத் தெரியாது, அமெரிக்கா ஸ்கூலுக்குத்தான் தெரியும் என்று அவர் கோயில் வாசலில் நின்று எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. மகள் தூரத்தில் இருந்தாலும் அவள் வீட்டு நாள்படி என் வீடு நடக்கிறது என்று.

ஞாயிற்றுக்கிழமை ஜென்சி குட்டிக்கு வெந்நீர் எடுக்கப் போனவள், சமையலறைக் கதவைச் சாத்தியிருக்கிறாள். அந்தக் காலண்டரைக் கையிலேயே எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். அத்தை, டிசம்பர் இருபத்திரண்டுல ஆபரேஷன்னு பென்சில்ல எழுதியிருக்கே, யாருக்கு என்று கேட்டாள். நான் கண் ஆபரேஷன் என்றேன். ரெண்டு கண்ணும்தான் முடிஞ்சிடுச்சே, மூணாவது கண்ணா அத்தை என்றாள். ஃபிரெடி சிரிக்கவில்லை. அதற்குமேல் மறைக்க முடியவில்லை. எனக்கு நிற்க வேண்டியது நின்று பன்னிரண்டு வருடம் ஆகிறது, இந்த ஜூனில் திரும்ப உதிரம் பட ஆரம்பித்தது. நீ பிள்ளைகளோடு இங்கே இருந்தபோதே. நீங்கள் கிளம்பிய பிறகு ஹேமாவதியைக் கூட்டிக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்தேன். கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், நாள் கடத்தாதீங்கம்மா என்று டாக்டரம்மா சொல்லி, செப்டம்பர் ஒன்பதாம் தேதி போட்டார்கள். நான்தான் உங்கள் பச்சைக் கட்டத்தைப் பார்த்து டிசம்பர் இருபத்திரண்டு வேண்டும் என்று கேட்டேன். உங்க பொறுப்புலதான் என்று சொல்லி எழுதிக்கொண்டார்கள். ஜென்சி கேட்டாள், லீவுல சொன்னா லீவு கெட்டுடும், ஸ்கூல் நாள்ல சொன்னா ஸ்கூல் கெட்டுடும், அப்ப எப்பதான் அத்தை சொல்லுவீங்க என்று. அப்போதுதான் பெரியப்பா கையிலிருந்த தம்ளரை வைத்துவிட்டு, ஏம்மா ஜோதி, அவனைத்தான் அந்தக் காலண்டர்ல தொங்க விட்டே, இப்ப நீயும் போயித் தொங்கப் போறியா என்று கேட்டார். ஃபிரெடி, என்ன பெரியப்பா சொல்றீங்க என்றான். உங்கம்மாவையே கேளு என்று அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அபி, உன் அப்பா திடீரென்று போகவில்லை. இரண்டு வருடம் மூன்று மாதமாக நீ போனில் கூப்பிடும்போதெல்லாம், யாருக்கும்மா தெரியும், திடீர்னு போயிட்டார் என்று சொல்கிறாய், நான் இந்தப் பக்கம் ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த மே மாதம் ஆறாம் தேதி சனிக்கிழமை இருதய டாக்டர் என்னையும் பெரியப்பாவையும் தனியே உட்கார வைத்து, வெளியூர்ல பிள்ளைங்க இருந்தா வரச் சொல்லிடுங்க, இனி வாரக் கணக்குதான் என்றார். ஃபிரெடி அப்போது வேலையாகப் பெங்களூரில், அவனுக்கும் சொல்லவில்லை. நீ இருபதாம் தேதி கிளம்புகிறாயே, இரண்டு வாரம்தானே, எதற்கு வழியெல்லாம் அழுதுகொண்டு வர வேண்டும் என்று நினைத்தேன். எட்டாம் தேதி நீ கூப்பிட்டாய். ஜனவரிக் கடைசியில் ஐஸ் கொட்டி நாலு நாள் மூடியதற்கு ஈடாகப் பத்தொன்பதாம் தேதி முடிய வேண்டிய பள்ளியை இருபத்தைந்து வரை இழுத்துவிட்டார்கள், ஷெர்வின் பரீட்சை அந்த நாலு நாளில்தான், டிக்கெட்டை இருபத்தாறுக்கு மாற்றட்டுமா, இல்லை பரீட்சையை விட்டுவிட்டுப் புறப்படட்டுமா, அப்பா எப்படி இருக்கார், உண்மையைச் சொல்லும்மா என்று கேட்டாய். நல்லா இருக்கார், பிள்ளை படிப்பைக் கெடுக்காதே, நாலு நாள் பள்ளிக்கூடம்தானே, அதுக்குள்ள என்ன ஆயிடப் போகுது என்றேன். அப்பா கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நான் போனை வைத்ததும், பொண்ணை வரச் சொல்லு ஜோதி என்றார். பையனுக்குப் பரீட்சைங்க என்றேன். அப்புறம், பரீட்சை என்னைக்கு முடியுது என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

முதல் டிக்கெட்படி நீ வந்திருக்க வேண்டிய இருபத்திரண்டாம் தேதி காலையில் அவருக்குத் தேதி மாறியது மறந்துவிட்டது. முகம் மழித்துவிடச் சொன்னார், வெள்ளைச் சட்டை கேட்டார், ஃபிரெடி ஏர்போர்ட்டுக்குக் கிளம்பலையா, பிள்ளைங்க பெட்டியோட நிக்கும் என்று பெரியப்பாவிடம் நாலைந்து தரம் கேட்டார். அன்றும் மறுநாளும் நன்றாகப் பேசினார் அபி. நீ இருந்திருந்தால் உன்னோடு பேசியிருப்பார். போனில் அப்பாகிட்ட குடு என்று நீ கேட்டபோது, மூச்சு வாங்குவது உனக்குக் கேட்டுவிடும் என்று, தூங்குறார் என்றேன். வியாழக்கிழமை காலையில் போய்விட்டார். நீ வந்து சேரும்வரை இரண்டு நாள் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தோம். வெளியே அக்கினி வெயில், பெட்டிக் கண்ணாடி உள்பக்கம் பனிபிடித்துப் பிடித்து முகம் மறைந்தது, நான் வெளிப்பக்கம் துடைத்துக்கொண்டே இருந்தேன், துடைத்தால் போகவில்லை. அந்த ஜனவரியில் தெருவெல்லாம் ஐஸாகி, பிள்ளைகள் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து சறுக்கியதை நீ வீடியோ எடுத்து அனுப்பியிருந்தாயே, அதை அப்பா எத்தனை தரம் போட்டுப் பார்த்திருப்பார், பாஸ்டர் ஐயாவுக்கெல்லாம் காட்டினார். அந்த ஐஸ்தான் இது என்று எனக்கு அன்று தோன்றியது. இன்றுவரை தோன்றுகிறது. டிக்கெட்டை மாத்தினது நான்தானே என்று நீ அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் அழுதாய், நான் உன் முதுகைத் தடவிக்கொண்டு பேசாமல் நின்றேன். மாற்றியது நீ இல்லை. நீ கேட்டாய், மாற்ற வைத்தவள் நான்.

இன்னொன்றும் சொல்கிறேன், பயப்படாதே, புத்தி கெட்டுவிட்டது என்றும் நினைக்காதே. இங்கே சாயங்காலம் ஆறரை என்றால் அங்கே காலை எட்டு. அந்த நேரத்துக்கு அப்பா தினமும், பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போயிட்டாங்களா என்று கேட்பார் அல்லவா, அவர் போன பிறகும் அது நிற்கவில்லை. ஆவி என்றெல்லாம் நம்புகிறவள் இல்லை நான், ஆனாலும் அவர் அறைப் பக்கமிருந்து காதில் விழும். போயிட்டாங்க என்று வாய்விட்டுச் சொல்லுவேன். பச்சைக் கட்டமானால், இன்னைக்கு லீவுங்க என்பேன். நவம்பரில் நீங்கள் கடிகாரத்தை மாற்றினால் அவரும் ஏழரைக்குக் கேட்பார். நேற்று திங்கட்கிழமை, வெள்ளைக் கட்டம். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஆறரை, ஏழு, ஏழரை. ஒன்றும் கேட்கவில்லை. இந்த இரண்டு வருடத்தில் வீடு அப்படி வெறிச்சென்று இருந்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா போனதும் ஃபிரெடி கீழே போய்க் காரில் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தான். மேலே வந்து, அக்காவுக்கு நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா என்று மட்டும் கேட்டான். என் கையால் எழுதினதாக இருக்கட்டும் என்று வியாழன்வரை தவணை கேட்டேன். திங்கட்கிழமை காலை அவனே மேடவாக்கத்து வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு டிசம்பரை எடுத்துவிட்டுப் பழைய தேதியைத் திரும்ப வாங்கிவிட்டான். ஹேமாவதி எனக்காகத் திருநீர்மலை ஏறிப் பெருமாளிடம் வேண்டிக்கொண்டு வந்திருக்கிறாள், அவள் அன்புக்கு நான் என்ன சொல்ல, என் பங்குக்கு நானும் முழங்காலில்தான் இருக்கிறேன். ஸ்நேகாவிடம் பருப்புப்பொடியும் குட்டியின் போட்டோவும் ஒரு கிலோ பிரெட் அல்வாவும் இருக்கிறது, சனிக்கிழமை மறக்காமல் வாங்கிக்கொள். ஷெர்வின் கார் பழகுகிறானாம், பக்கத்தில் மாப்பிள்ளை இல்லாமல் விடாதே. ஸஹானாவுக்கு இழுப்பு வரும் காலம், காதை மூடி அனுப்பு. இந்தக் கடிதத்தைக் காரில் வைத்துப் படிக்காதே, மாப்பிள்ளை வீட்டில் இருக்கும்போது உட்கார்ந்து படி. உங்கள் நால்வர் தலைமேலும் கர்த்தருடைய கரம் இருக்கட்டும்.

ஆபரேஷன் செப்டம்பர் ஒன்பது, செவ்வாய்க்கிழமை. உங்களுக்கு அது பள்ளிக்கூடம் உள்ள நாள்தான், பார்த்துவிட்டேன். இத்தனை வருடத்தில் ஒரு முறைகூட வா என்று உன்னைக் கூப்பிட்டதில்லை, எப்போது வருகிறாய் என்றுதான் கேட்டிருக்கிறேன். இப்போது கூப்பிடுகிறேன், வா. நான் செய்ததற்குப் பிறகு வர மனமில்லை என்றால் அதையும் சொல்லு, ஃபிரெடி மூலம் சொல்லாதே, எனக்கே சொல்லு. வருகிறாயா இல்லையா என்று படித்த அன்றே பதில் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா
ஞானஜோதி ஏசுபாதம்