எக்ஸ்ரே அறையில் அத்தை சொன்ன பதில்

3 மார்ச் 2025, திங்கள்

வலது கடைவாய்ப் பல் உயிரை எடுக்கிறது. கிராம்பு வைத்தேன், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன், சசிதரைத் திட்டியும் பார்த்தேன். அடங்கவில்லை.

ஏழாவது வாரம். கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்துக் கரு தங்கியது. எனக்கும் சசிக்கும் அவர் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். “மூணு மாசம் முடியற வரைக்கும் மூச்சு உடக்கூடாது தேஜு. உங்கம்மாகிட்டக்கூட அப்பறம் சொல்லிக்கலாம்” என்கிறார் அத்தை. தாராபுரத்திலிருந்து அம்மா தினமும் கூப்பிடுகிறாள். மழுப்புகிறேன்.

5 மார்ச், புதன்

பல் டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அந்த அறையில் இருந்தவள் சைதன்யா, எங்கள் வீதியில் மூன்றாவது வீட்டுப் பெண்.

“மாசமா ஏதாச்சும் இருக்கீங்களாக்கா?”

நான் வாயைத் திறப்பதற்குள் கூட வந்த அத்தை முந்திக்கொண்டார். “அதெல்லாம் ஒண்ணுமில்ல அம்மணி.”

இவளிடம் சொன்னால் சாயந்திரத்துக்குள் வீதிக்கே தெரிந்துவிடும் என்ற பயம் அவருக்கு. எனக்கு? நானும் பேசாமல்தானே இருந்தேன்.

“எல்லாருக்கும் போடறதுதானுங்க” என்று கனமான ஈயக் கவசத்தைக் கழுத்திலிருந்து மடிவரை போர்த்தினாள். சின்னத் தகடு ஒன்றை வாய்க்குள் வைத்துக் கடிக்கச் சொன்னாள். ஈறில் குத்தியது, குமட்டியது. “அசையாதீங்க” என்றுவிட்டுக் கதவுக்குப் பின்னால் போனாள். ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். சொத்தை வேர்வரை போயிருக்கிறதாம்.

6 மார்ச்

ஒன்றும் ஆகாது. ஆகாதுதானே?

14 மார்ச், வெள்ளி

போய்விட்டது.

தங்கிய சேதியையும் கலைந்த சேதியையும் அம்மாவிடம் ஒரே போனில் சொன்னேன். “எங்கிட்டச் சொல்லக்கூடத் தோணலியா சாமி?” என்று அழுதாள்.

ஒரு நிமிசம் வாயத் தொறந்திருக்கலாம்ல. ஏன் தொறக்கல நான்?

17 மார்ச், திங்கள்

லேடி டாக்டரிடம் தனியாக எக்ஸ்ரே விஷயத்தைச் சொன்னேன். “கேட்டப்ப மறைச்சது தப்பும்மா. ஆனா பல்லுக்கு எடுக்கற எக்ஸ்ரேல வயித்துக்குப் போறது ரொம்ப ரொம்பக் கம்மி. இது அதனால கலையல” என்றார்.

வெளியே பெஞ்சில் அத்தை. “என்ன சொன்னாங்க கண்ணு?”

“ஒண்ணும் சொல்லலீங்க அத்தை.”

வேண்டுமென்றேதான் மறைத்தேன். சசியிடமும் சொல்லவில்லை.

23 மார்ச், ஞாயிறு

அத்தை சரியாகச் சாப்பிடுவதில்லை. சாமி விளக்கை ஏற்றுவதையே விட்டுவிட்டார், சசிதான் ஏற்றுகிறார். இன்று அவரிடம் அத்தை சொன்னது காதில் விழுந்தது: “நாந்தானப்பா இல்லைன்னு சொல்லிப்போட்டேன்.” கேட்டும் கேட்காத மாதிரி துணி மடித்துக்கொண்டிருந்தேன். கல்நெஞ்சக்காரி நான். ஆனால் கோபம் இறங்க மாட்டேன் என்கிறது.

2 ஏப்ரல், புதன்

ரூட் கெனால் முடிந்து மறுபடி எக்ஸ்ரே. அத்தை உள்ளே வரவில்லை. “நீயே சொல்லிக்கோ கண்ணு” என்று கதவருகிலேயே நின்றுவிட்டார். சைதன்யா அதே கேள்வியைக் கேட்டாள்.

“இல்லீங்க.”

இந்த முறை உண்மை. கவசத்துக்கடியில் வயிற்றில் கை வைத்து அழுதேன். அசைந்துவிட்டேன், படம் சரியாக விழவில்லை. பாவம், அவள் இன்னொரு தடவை எடுத்தாள்.

வெளியே வந்து அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, லேடி டாக்டர் அன்று சொன்னதைச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறகு கேட்டார்: “எப்பக் கண்ணு சொன்னாங்க?”

“பதினாறு நாளாச்சுங்க அத்தை.”

கையை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

சாயந்திரம் விளக்கை அவரே ஏற்றினார். முன்பெல்லாம் “வா கண்ணு, கும்பிட்டுக்கோ” என்று கூப்பிடுவார். இன்று கூப்பிடவில்லை.