உன் அறைக்குள் தலையை நீட்டிய ஒட்டகச்சிவிங்கி

அன்புள்ள மகளுக்கு,

நானும் உன் அப்பாவும் நலம், ஒட்டகச்சிவிங்கியும் நலம். நீ எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் இங்கே எங்கள் கவலை. நலம் என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறேனே அது என்ன என்று நீ கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உன் அப்பா போனில் வேறு மாதிரி சொல்லிவிடுவார், அவர் சொல்வதில் அளவு மட்டும்தான் சரியாக இருக்கும்.

முன்னறையில் நான் நடத்தும் மழலைப் பள்ளியில் இது மிருகக்காட்சிசாலை மாதம். பிள்ளைகள் ஆளுக்கொரு மிருகமாகிவிட்டார்கள். காலையில் பெயர் கூப்பிட்டால் ‘உள்ளேன்’ கிடையாது, அவரவர் மிருகத்தின் சத்தம்தான். ஆமைப் பையன் மட்டும் சட்டைக் காலருக்குள்ளிருந்து கழுத்தை நீட்டிக் காட்டுவான், நான் வந்துவிட்டான் என்று குறித்துக்கொள்வேன். பல் டாக்டரின் மகள்தான் முதலை. “ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் எங்கிட்ட வாயைத் திறக்க மாட்டேங்குது, இவ வாயை மூடவே மாட்டேங்குறா மிஸ்” என்று அந்த டாக்டரம்மா என்னிடம் வந்து அழாத குறை. காகிதத் தட்டில் கம்பளி நூலை ஒட்டிச் சிங்கம் செய்தோம், முட்டை அட்டையில் முதலை செய்தோம், உன் அப்பாவின் காலுறை அத்தனையும் பாம்பாகிவிட்டது, மனிதர் வெறுங்காலில் ஷூவை மாட்டிக்கொண்டு நடக்கப் போகிறார். வரிக்குதிரைக்குக் கறுப்புப் பட்டை ஒட்டச் சொன்னால் ஒருத்தி இடமே விடாமல் தாள் முழுக்க ஒட்டிவிட்டு, “இது கரண்ட் போனப்ப நிக்கிற வரிக்குதிரை” என்கிறாள். நட்சத்திரம் கொடுத்து அனுப்பினேன், வேறென்ன செய்வது.

நான் செய்த ஒரே தப்பு உன் அப்பாவிடம் ஒரு ஒட்டகச்சிவிங்கி கேட்டதுதான். பாலத்துக்கு வரைபடம் போட்டே காலத்தை ஓட்டியவர், ஓய்வு பெற்றபின் கை துறுதுறுக்கிறதே, பிள்ளைகள் உயரத்துக்கு அட்டையில் ஒன்று வெட்டித் தரட்டும் என்று நினைத்தேன். அழகாகத்தான் வெட்டினார். நெருப்புக்கோழியாக இருக்கும் பெண் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், “நிஜ ஒட்டகச்சிவிங்கி இவ்ளோதானா தாத்தா?” என்று கேட்டுவிட்டாள். வேறு யாராக இருந்தாலும் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். உன் அப்பா கடைத்தெருவுக்குப் போய் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிகளாகப் பொறுக்கிக்கொண்டு வந்து நிஜ உயரத்துக்கே ஆரம்பித்துவிட்டார். கழுத்து பாதியிலேயே கூரையில் இடித்தது. “ஸ்லாபை உடைக்கலாம்னு பார்த்தேன், நடுவுல பீம் போகுது” என்று வருத்தத்தோடு வந்து சொன்னார். அதனால் மாடிப்படிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். கழுத்து படியோடு படியாக மேலே ஏறியது. மேலே ஏறினால் என்ன இருக்கிறது? உன் அறைக் கதவு. பூட்டியிருக்கிறது, சாவி என் அலமாரியில். நான் பிரஷர் பார்க்கப் போய்விட்டுத் திரும்புவதற்குள் கதவுக்கு மேலிருந்த காற்றுப்போக்கியின் கண்ணாடியைக் கழற்றி, தலையை உள்ளே விட்டிருக்கிறார். “பூட்டைத் தொடவே இல்லையே” என்கிறார், ஏதோ பெரிய நியாயம் போல. ஒரு அடி குறைத்தால் என்ன என்று கத்தினேன். “குறைச்சா அது ஒட்டகம்” என்றார். அதற்குப் பிறகு நான் பேச்சை நிறுத்திவிட்டேன், இன்றுவரை சோறு வேண்டுமா என்பதைக்கூட ஆமைப் பையன் மூலமாகத்தான் கேட்கிறேன்.

மறுநாள் பிள்ளைகள் வந்து அண்ணாந்து பார்த்தார்கள். தலை எங்கே? ரூமுக்குள்ளே. அப்படியானால் வாய்? அதுவும் ரூமுக்குள்ளேதான். அப்போது சாப்பாடு? பச்சைக் காகிதத்தில் இலை வெட்டி ஆளுக்கொரு பிடி வைத்துக்கொண்டு நின்றார்கள், ஊட்ட வழியில்லை. அது சாப்பிடாமல் நாங்களும் சாப்பிட மாட்டோம் என்று பிஸ்கட்டைத் தள்ளிவிட்டார்கள். முதலை அன்றைக்குத்தான் முதன்முதலாக வாயை மூடினாள். இத்தனை பேரைக் கண்பார்வையிலேயே அடக்குகிறவள் நான், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, சாவியை எடுத்துவிட்டேன்.

நீ போனதிலிருந்து அந்த அறைக்குள் நான் மட்டும்தான் போய்வருவேன். தூசி தட்டுவேன், போர்வையை உதறி விரிப்பேன். உன் பேனாகூட நீ வைத்த இடத்திலேயே இருந்தது. இருந்தது என்றுதான் எழுதுகிறேன், கவனித்துக்கொள். இப்போது உன் கட்டிலில் குரங்குகள் குதிக்கின்றன, தலையணைக்கு அடியில் முட்டை அட்டை முதலை தூங்குகிறது. கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அந்த அறையில் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று என்றுதான் தோன்றியது.

எங்கள் காட்சிசாலையில் ஒவ்வொரு கூண்டுக்கும் ஒரு பலகை உண்டு, உள்ளே என்ன இருக்கிறது, என்ன சாப்பிடும், எப்போது தூங்கும் என்று எழுதுவோம். இது யாரோட கூண்டு என்று கேட்டார்கள், என் பொண்ணோடது என்றேன். உடனே பலகை தயார். நாலு தடவை கூப்பிட்டால்தான் சாப்பிட வரும், லீவு நாளில் மத்தியானம் வரை தூங்கும் என்று நான் சொல்லச் சொல்லப் படமாக வரைந்தார்கள், உனக்கு ஒரு வால்கூட வைத்திருக்கிறார்கள், கோபித்துக்கொள்ளாதே. “தப்பிச்சு ஓடிடுச்சா மிஸ்?” என்றான் ஆமைப் பையன். “இல்லடா, வேலைக்குப் போயிருக்கா” என்றேன். “எப்ப திரும்பி வரும்?” என்றான். எல்லாரும் என்னையே பார்த்தார்கள், பசைக் கிண்ணத்தோடு படியில் நின்ற உன் அப்பாவும் பார்த்தார். போய்க் கை கழுவுங்கள் என்று விரட்டிவிட்டேன்.

அதனால் உன்னையே கேட்கிறேன், இதுவரை போனில் கேட்கத் தைரியம் வரவில்லை. இங்கேயே வந்து இருப்பதாக உனக்கு எண்ணம் உண்டா? உண்டென்றால் அந்த ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தை நானே அறுத்துவிடுகிறேன், உனக்காக என்றால் உன் அப்பா வாயைத் திறக்க மாட்டார். அங்கேதான் இனி உன் வாழ்க்கை என்றால் அதையும் எழுது, ஒரு நாள் அழுதுவிட்டு அறையைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுவேன். உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இராது.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, வெந்நீர் குடி. எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல் மனம்போல் வாழ வேண்டும், அது போதும் எங்களுக்கு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, வழக்கம்போல ‘பார்க்கலாம்மா’ என்று பதில் எழுதாதே. அதைப் போய் இந்தப் பிள்ளைகளிடம் சொன்னால் தினமும் காலையில் மாடியேறி, உன் கட்டிலில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குவார்கள். இத்தனை நாளாக நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா