அறுக்காமல் அவிழ்த்த கயிறு

இன்று காலை அறுவை அரங்கில், நீராவியில் வெந்த துணி டிரம்மைத் திறந்தார்கள். சூடான துணி மணத்தில் உங்கள் ஞாபகம் வந்தது, சிஸ்டர். குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிருமித் தடுப்புக்கு நீங்கள் பொறுப்பாக இருந்த அந்தக் கொரோனா மாதங்கள் இப்போது எனக்கு இனிமையாகக்கூடத் தோன்றுகின்றன. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆள் தெரியாத கவச உடையில் முதுகில் பெயர் எழுதிக்கொண்டு திரிந்தோம். என் முதுகில் நீங்கள் ‘கோபம்’ என்று எழுதியிருந்தீர்கள். அரை நாள் எனக்குத் தெரியாது.

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து அந்த இரண்டு வயதுக் குழந்தை வந்தது. குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகி வயிறு உப்பியிருந்தது. தாய் கொரோனா வார்டில், தகப்பன் தூக்கிவந்திருந்தார். குழந்தையின் இடுப்பில் அழுக்கேறிய அரைஞாண் கயிறு. அறுவைக்கு முன் அதை வெட்ட நான் கத்தரி கேட்டதும் அவர் மறித்தார்.

“அறுக்காதிய டாக்டரம்மா. செத்த பொறவுல்லா அத அறுப்பாவ? அறுத்தா நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

“கயிறு பெருசா, பிள்ளை பெருசா?” என்று கத்தினேன்.

நீங்கள் நடுவில் வந்தீர்கள். “அறுக்கண்டாம் அண்ணாச்சி. நீங்களே பைய அவுருங்க. வேகவச்சுத் தாரேன். பிள்ளைக்குச் சொகமானதும் நீங்களே கட்டுங்க.”

“கயித்த வேகவைக்கிறதா?” என்றேன்.

“மேடம், நீங்க கிருமியப் பத்திப் படிச்சிருக்கிய. அப்பனப் பத்திப் படிக்கலையே.”

எண்ணெயில் இறுகிய முடிச்சு. அவர் நகத்தால் நெம்பினார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிச்சு விட்டது, கையெழுத்துப் போட்டார். வயிற்றைத் திறந்து பார்த்தபோது குடல் கறுக்கத் தொடங்கியிருந்தது. வெட்டி எடுக்காமலே குடலும் பிழைத்தது, பிள்ளையும் பிழைத்தது.

வெந்த கயிற்றை உறையில் போட்டு, அவர் பார்க்கும்படி தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக்கு வெளியே மாட்டினீர்கள். கட்டிலில் மாட்டலாமே என்றேன். “அங்கன மாட்டுனா உள்ள வந்து தொடுவாரு,” என்றீர்கள். வீட்டுக்குப் போகும் நாளில் அவரே அதைக் கட்டினார். தேறிவந்த தாய் பிள்ளையைப் பிடித்துக்கொண்டாள்.

கொரோனாவின் அடுத்த அலையில் நீங்களே போய்விட்டீர்கள். எங்களுக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்த விதிப்படியே உங்கள் உடலை மூடிக் கட்டினார்கள். யாரும் தொடவில்லை. விதி சரிதான், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனாலும், அந்தத் தகப்பனைப் போல ஒருமுறை மறித்து நின்றிருக்கலாம் என்று தோன்றும்.

இப்போது நான் கத்தரி கேட்பதில்லை. “இத கட்டுனது யாரு? வந்து அவுருங்க,” என்கிறேன். அவர்கள் அவிழ்க்கும்வரை நிற்கிறேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான். ஆனால் நிற்கிறேன்.