அழிக்கச் சொன்ன படம்

இன்று காலை ஆபீஸுக்குக் கிளம்பி பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன். யார் வீட்டிலோ காதுகுத்து. மின்கம்பத்தில் ஏணி சாத்தி பிளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். புது பிளெக்ஸுக்கு ஒரு வாடை உண்டு, உனக்குத் தெரியும். மை சரியாகக் காயாமல் வெயில் பட்டால் பெயின்ட் கடைக்குள் நுழைந்ததுபோல மூக்கில் ஏறும். அந்த வாடைக்கு என் கால் அப்படியே நின்றுவிட்டது. பதினெட்டு நாளைக்கு முன்னால் இதே கம்பத்தில், இதே வாடையோடு, உன்னைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு முதலில் அது நீ என்றே தெரியவில்லை. கண்ணீர் அஞ்சலி என்று கொட்டை எழுத்து. கீழே வெளிறிப்போன ஒரு முகம் திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தது. யாரோ பாவம் என்று பெயரைப் படித்தேன். உன் பெயர். மறுபடி படித்தேன். இனிஷியலும் உன்னுடையதுதான். ஏணியில் நின்றவரிடம் கேட்டேன்.

"மில்லுல ஃபிட்டரு சார். நேத்து சாயங்காலம் நெஞ்சு வலின்னு ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காக. போற வழியிலயே முடிஞ்சிருச்சாம்" என்றார் அவர், கயிற்றைப் பல்லில் கடித்தபடி.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது என்றால் நம்புவாயா? உன் சாவு இன்னும் உள்ளே இறங்கவே இல்லை. ஆத்திரமெல்லாம் அந்தப் படத்தின் மேல்தான். உன் ஆதார் அட்டைப் படத்தை ஆளுயரத்துக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். ஊரில் பாதிப் பேரை அழகாகப் படம்பிடித்தவன் நீ. உனக்கென்று ஒரு படம் கிடைக்கவில்லை அவர்களுக்கு.

கிடைக்காது. நீ நின்றால்தானே! யாராவது உன் பக்கம் கேமராவைத் திருப்பினால் பைக்குக்குப் பின்னால் குனிந்துவிடுவாய். "எம் மூஞ்சிய எடுத்து கார்டை நெறைக்காதல. அங்க பாரு, மலை எம்புட்டு அழகா நிக்கி" என்பாய். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் உன் பைக்கில் கிளம்பிவிடுவோம். பிளவக்கல் அணை, வன்னியம்பட்டி வயக்காடு, செண்பகத்தோப்பு. உன்னிடம் இருந்தது யாரோ விற்றுவிட்டுப் போன பழைய கேமரா. என்னிடம் முழ நீள லென்ஸ். "லென்ஸ் பெருசா இருக்கு, படம்தான் வரமாட்டேங்கு" என்று வழியெல்லாம் கிண்டல் செய்வாய். நீ சொன்னதில் பொய்யும் இல்லை.

உன் கேமரா பையில் லேமினேட் செய்த ஒரு தாள் இருக்கும். நீயே டைப் அடித்தது. பொது இடத்தில் நின்று கண்ணுக்குத் தெரிவதைப் படமெடுக்க யாரிடமும் கேட்கவேண்டியதில்லை, எடுத்ததை அழிக்கச் சொல்ல யாருக்கும் அதிகாரமில்லை என்று இரண்டு வரி. எத்தனை பேரிடம் அதை நீட்டியிருப்பாய்! தேரோட்டத்தன்று கூட்டத்தில் ஒருவர் உன் லென்ஸைக் கையால் மறைத்தாரே, நினைவிருக்கிறதா? நான் உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். நீ குரலை உயர்த்தவே இல்லை. "அண்ணாச்சி, கோயிலுக்குள்ள கேமராவ எடுக்கமாட்டேன். இது தெரு. தெரு ஒங்களுக்கும் எனக்கும் பொதுதான?" என்றாய். அவர் கையை எடுத்துக்கொண்டார். எனக்கு உன்மேல் பெருமை தாங்கவில்லை. அரசாங்க உத்தியோகத்தில் இருபது வருஷமாக எல்லாவற்றுக்கும் தலையாட்டிப் பழகியவன் நான்.

எல்லை விஷயத்தில் மட்டும் உன்னைப்போலக் கறாரானவன் கிடையாது. செண்பகத்தோப்பில் வனத்துறை போர்டைத் தாண்டி ஒரு எட்டு வைக்கமாட்டாய். "போர்டுக்கு இந்தப் பக்கம் நம்ம ராஜ்ஜியம். அந்தப் பக்கம் அவிய ராஜ்ஜியம். அனுமதி வாங்காம உள்ள போனா நம்ம தாள் செல்லாது" என்பாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அதைத் தாண்டிப் போனேன். சாம்பல் அணில் ஒன்று கிளைக்குக் கிளை தாவி உள்ளே போயிற்று. அதன் வால் வெயிலில் தெரிந்ததும் போர்டாவது ஒன்றாவது என்று நானும் பின்னாலேயே போய்விட்டேன். நீ ரோட்டில் பைக்குக்குப் பக்கத்தில் நின்று கூப்பிட்டது காதில் விழுந்தது. திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அணிலும் கிடைக்காமல் மரங்களுக்கு இடையே வெளியே வந்தபோது, தூரத்தில் ரோட்டில் காக்கிச் சட்டை போட்ட வனக்காவலர் ஒருவர் கையை நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார். எதிரே நீ. லென்ஸை வைத்துப் பார்த்தேன். நீ இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாய்.

நான் அதிர்ந்துபோனேன். நீயா? ரோட்டில் கேமராவோடு நின்றதற்கு ஒருவர் அதட்டினால் நீ கையெடுத்துக் கும்பிடுவாயா? அந்த அதிர்ச்சியிலேயே விரல் அழுத்திவிட்டது. நான் வந்து சேர்வதற்குள் அவர் போய்விட்டார். "என்னடே ஆச்சு?" என்றேன். "ஒண்ணுமில்ல, கெளம்பு" என்றாய். எனக்கு நீ ஏமாற்றிவிட்டதுபோல இருந்தது.

அன்று சாயங்காலமே அந்தப் படத்தை நம் போட்டோக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "உரிமைப் போராளி சரணாகதி" என்று தலைப்பு வேறு. ஆளாளுக்குச் சிரித்தார்கள். நீ போன் செய்தாய்.

"அந்தப் படத்த அழிச்சிரு."

"பொது ரோட்டுல நின்ன ஆளத்தான எடுத்தேன்? அழிக்கச் சொல்ல ஒனக்கு அதிகாரம் கெடையாது. தாள எடுத்துப் படி" என்றேன். எனக்கே என் சாமர்த்தியம் பிடித்திருந்தது.

"சரில" என்று சொல்லி வைத்துவிட்டாய். மறுநாள் குழுவில் இருந்து விலகினாய். அதோடு எட்டு மாதம் நமக்குள் பேச்சே இல்லை. ஒருமுறை வன்னியம்பட்டி விலக்கு ரோட்டில் எதிரெதிரே வந்தோம். நீ வண்டியை மெதுவாக்கினாய். நான்தான் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போனேன். அதை நினைத்தால் இப்போது சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு உன் வீட்டுக்கு வந்திருந்தேன். வாசலில் போட்டிருந்த நாற்காலியில் ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டியில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. எழுந்து பக்கத்தில் வந்தார்.

"நீங்கதான சார் அன்னைக்குக் காட்டுக்குள்ள போனவிய?"

அந்த வனக்காவலர். நீ அதற்குப் பிறகு இரண்டு மூன்று தடவை அவரிடம் போயிருக்கிறாய், அவர் குடும்பத்தைப் படமெடுத்துப் பிரிண்ட் போட்டுக் கொடுத்திருக்கிறாய். அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

"ஒங்க மேல கேஸ் போட்டு கேமராவப் பறிமுதல் பண்ணணும்னுதான் வந்தேன். அவுக விடல. 'அவன் கவருமெண்டு உத்தியோகம், கேஸுன்னா வேலைக்கே வெனையாயிரும். போடணும்னா எம் பேர்ல போடுங்க'ன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டாக. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. பொறவுதான் எச்சரிச்சு விட்டேன். ஏன் சார், அவுக ஒங்ககிட்ட சொல்லலையா?"

நீ கும்பிட்டது எனக்காகவா? குழுவில் அத்தனை பேர் சிரித்தபோது நீ உண்மையை ஒரு வரி எழுதியிருந்தால் என் மானம் போயிருக்கும். என் ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர் அந்தக் குழுவில் இருந்தார்கள், அது உனக்குத் தெரியும். அதனால் வாயே திறக்கவில்லை. ஏன்டா? எனக்குத் தனியாகவாவது சொல்லியிருக்கக்கூடாதா? நான் கேட்கிற நிலையில் இருந்தேனா என்பது வேறு கதை.

சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் உன் மகள் வந்தாள். "மாமா, அப்பாவ பிரேம் போட்டு மாட்டணும். ஆதார் படத்தப் பாத்தா யாரோ மாதிரி இருக்கு. ஒங்ககிட்ட ஒரு படமாவது இருக்கும்லா?"

இருக்கிறது, ஒன்றே ஒன்று. போனை எடுத்து அவளிடம் கொடுத்தேன். இரண்டு விரலால் உன் முகத்தைப் பெரிதாக்கினாள். காலை வெயில் பக்கவாட்டில் விழுந்து, நெற்றியில் வியர்வைகூடத் தெளிவாக இருந்தது. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். "அப்பா எம்புட்டு நல்லா இருக்காக!" என்று அழுதாள். அதற்குப் பிறகு ஒளிக்க முடியவில்லை. போர்டைத் தாண்டியதில் இருந்து நீ அழிக்கச் சொன்னதுவரை எல்லாவற்றையும் சொன்னேன். உன் மனைவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

"கைய வெட்டிட்டு மொகத்த மட்டும் வச்சுக்கிடுவோம்மா" என்றாள் மகள்.

"வேண்டாம்ட்டி" என்றது உன் மனைவி. என் பக்கம் திரும்பி, "அண்ணே, அவுக வேண்டாம்னு சொன்ன படத்துக்கு நான் எப்படி வெளக்கேத்துவேன்?" என்று கேட்டது. குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அங்கேயே அழித்தேன். நிரந்தரமாக அழிக்கவா என்று போன் ஒருமுறை கேட்டது. உன் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் இருந்ததையும் கார்டில் இருந்ததையும் அழித்தேன். குழுவில் போட்டதை இனி அழிக்க முடியாது என்று தெரிந்ததால், அன்று நடந்ததை அங்கேயே எழுதிவிட்டேன். நான் காட்டுக்குள் போனதையும் சேர்த்துத்தான். ஆபீஸில் விசாரித்தால் விசாரிக்கட்டும்.

படம் இப்போது என்னிடம் இல்லை. ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்தாலும் பைலைத் திறந்தாலும் அந்த இரண்டு கைகள் வந்து நிற்கின்றன, லென்ஸில் பார்த்ததைவிடக் கிட்டத்தில். அதையும் அழித்துவிடு என்று மட்டும் சொல்லாதே. அது என்னால் ஆகாது.